கண்ணாடி மாட்டுகிறவரும் அவர் குடும்பமும்



தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளம் போகும் சாலையில் இராப்பகலாக லாரிகள் ஓடுகின்றன. முன்னே போகும் வண்டியின் டயரில் தெறிக்கிற சின்னக் கல் ஒன்று போதும், பின்னால் வருகிற வண்டியின் முன்கண்ணாடி விரிந்துவிடும். அதைக் கழற்றிப் புதியது மாட்டுவதும் ஒரு தொழில். அச்சன்புதூர் வட்டாரத்தில் உங்கள் வீட்டுக்காரரோ மகனோ இந்த வேலைக்குப் போகிறவரானால், இதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். இந்த வேலையின் ஆபத்து பட்டறையோடு நிற்பதில்லை. சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வருகிறது.

முன்கண்ணாடி என்பது ஒரே தகடு அல்ல. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. 1903-இல் எடுவார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சு ரசாயன அறிஞரின் குடுவை ஒன்று கீழே விழுந்ததாம். உள்ளே படலம் காய்ந்து படிந்திருந்ததால், உடைந்தும் சிதறவில்லை. அதிலிருந்து பிறந்த யோசனை இது. பயணம் செய்கிறவரை இது காப்பாற்றும். கழற்றுகிறவர் கதை வேறு. விரிந்த கண்ணாடியை அசைக்க அசைக்க, ஊசி மாதிரி சில்லுகள் உதிரும். சட்டைக் காலர், பை, தலைமுடி என்று எங்கும் போய் உட்காரும், பார்த்தால் தெரியாது.

வேலை முடிந்து வந்ததும், ஓடிவரும் பிள்ளையைத் தூக்கித் தோளில் போடாத தகப்பன் யார்? பிள்ளையின் கன்னம் படுகிற இடம் அந்தக் காலர்தான். ஆகையால் பட்டறையிலேயே உடை மாற்றுவது நல்லது. முடியாவிட்டால் வீட்டு வாசலுக்கு வெளியே மாற்றி, தலைக்குக் குளித்த பிறகு பிள்ளையைத் தொடுங்கள். வேலைத்துணியை மற்றத் துணிகளோடு ஊறவைக்க வேண்டாம். தனி வாளியில் போட்டு இரண்டு தண்ணீர் அலசிய பிறகே கசக்க வேண்டும். அந்த அலசலை அவரே செய்யட்டுமே, கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது!

"கண்ணுல என்னமோ விழுந்துட்டு, கொஞ்சம் ஊதி விடு" என்று அவர் வந்து நின்றால் என்ன செய்வீர்கள்? முந்தானை நுனியால் எடுப்பார்கள், தாய்ப்பால் விடுவார்கள். கண்ணாடிச் சில்லுக்கு இவை கூடவே கூடாது. கண்ணைக் கசக்காமல் சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். குத்தி நிற்கிற சில்லானால் கழுவவும் வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம். கண்ணை அழுத்தாமல் மூடியபடி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டு வேலை செய்தால் இந்த அலைச்சலே இல்லை.

கை வெட்டுப்பட்டால் காப்பித்தூள் அப்பாதீர்கள். சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். ரணஜன்னி ஊசி போட்டு ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் அழுக்குக் காயத்துக்கு மறுபடி போட வேண்டியிருக்கும். கர்ப்ப காலத்தில் மனைவிக்குப் போட்ட ஊசி கணவனைக் காப்பாற்றாது!

இனி பசை. பழைய லாரி, பஸ்களில் ரப்பர் பீடிங்கில் கயிறு கோத்து இழுத்து மாட்டுவார்கள். இப்போதைய கார்களில் பாலியூரித்தேன் பசையால் ஒட்டுகிறார்கள். இந்தப் பசையிலும், அதற்கு முன் பூசும் பிரைமரிலும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு. சிலருக்கு அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை உடம்பு அதற்குப் பகையாகிவிட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சு இழுக்கும். சாரல் காலத்தில் ஈரம் படாமல் ஒட்டுவதற்காகப் படுதாவை இறக்கிவிட்டு வேலை செய்வது வழக்கம். அப்போதுதான் ஆவி உள்ளேயே தங்கும். ஒரு பக்கமாவது திறந்திருக்கட்டும். முகத்தில் கட்டும் துணி ஆவியைத் தடுக்காது. கையில் ரப்பர் உறையும் வேண்டும்.

தாய்மார்களே, இதில் முதல் அறிகுறியைக் கவனிக்கக்கூடியவர் நீங்கள்தான். வேலை நாட்களில் இரவில் இருமல், நெஞ்சில் விசில் சத்தம்; நாலு நாள் லீவு போட்டால் குறைகிறது, வேலைக்குப் போனால் திரும்ப வருகிறது. இப்படி இருந்தால் சளி என்று கஷாயம் கொடுத்து நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பசை வேலை செய்கிறவர் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

வண்டி பழுதுபார்க்கும் தொழிலாளருக்கும், அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கும் சேர்த்து தமிழக அரசின் நலவாரியம் இருக்கிறது. விபத்தில் ஊனமோ மரணமோ நேர்ந்தால் உதவித்தொகை உண்டு. ஆனால் முன்னதாகப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்யும்போது வாரிசு இடத்தில் மனைவி பெயர் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று இருவரும் பார்த்துக்கொள்ளுங்கள்.