விழுவது நட்சத்திரமா?

ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 13, 14ஆம் திகதிகள் நெருங்கும்போது ஜெமினிட் எரிகற்பொழிவு பற்றிய பதிவுகள் வட்ஸ்அப் குழுமங்களில் வலம்வரத் தொடங்கும். "நட்சத்திரங்கள் விழப்போகின்றன" என்பார் ஒருவர். "விண்கல் மழை" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் வால்வெள்ளியின் படத்தை இணைத்துவிடுவார். எல்லாம் ஒன்றென்றே பலரும் எண்ணிக்கொள்கிறோம்.

எரிநட்சத்திரம் என நாம் சொல்வது நட்சத்திரமே அல்ல. பெரும்பாலும் மணற்பருக்கையளவு துகளொன்று செக்கனுக்குப் பல கிலோமீற்றர் வேகத்தில் வளிமண்டலத்துள் நுழைந்து, தரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீற்றர் உயரத்தில் எரிந்துபோகிறது. அந்த ஒளிக்கீற்றுத்தான் அது. எரிந்து தீராமல் நிலத்தை வந்தடையும் துண்டுக்கே விண்கல் என்று பெயர். வால்வெள்ளியோ சூரியனைச் சுற்றிவரும் பனியும் தூசும் கலந்த பொருள். வாரக்கணக்கில் வானில் தெரியும்.

அரபியில் இதற்கு 'ஷிஹாப்' என்பர். ஹிஜ்ர், ஸாஃப்பாத், ஜின் ஆகிய சூராக்களில், வானத்துச் செய்தியை ஒட்டுக்கேட்க முனைவோரை விரட்டும் தீச்சுடராக இச்சொல் வருகிறது. ஆனால் சூரா நம்லில் மூஸா (அலை) அவர்கள் தம் குடும்பத்தாருக்குக் குளிர்காயக் கொண்டுவருவதாகக் கூறிய எரிகொள்ளிக்கும் இதே சொல்தான். தமிழிலும் விண்வீழ்கொள்ளி என்றொரு சொல் உண்டு. அடுப்புக் கொள்ளியை வானத்தில் கண்டவர்கள் நாம் மட்டுமல்ல போலும்!

சொற்குழப்பத்தைவிடப் பாரதூரமானது நம்பிக்கைக் குழப்பம். ஓர் இரவு நட்சத்திரமொன்று எறியப்பட்டு ஒளிர்ந்தபோது, அறியாமைக் காலத்தில் இதைப்பற்றி என்ன சொல்வீர்கள் என நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் வினவினார்கள். இன்றிரவு பெரிய மனிதர் ஒருவர் பிறந்தார், அல்லது இறந்தார் என்போம் என்றனர். எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அது எறியப்படுவதில்லை என நபியவர்கள் விளக்கினார்கள். இச்சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

பிறப்பு, இறப்புப் பேச்சு இன்று குறைந்துவிட்டது. அதனிடத்தில் ஆங்கிலப் படங்களும் கார்ட்டூன்களும் பழக்கிவிட்ட வேறொன்று வந்திருக்கிறது: எரிநட்சத்திரத்தைக் கண்டதும் கண்ணை மூடி மனதில் ஓர் ஆசையை வேண்டிக்கொள்வது. பிள்ளைகள் விளையாட்டாகத்தான் செய்கிறார்கள். ஆனால் எவரிடம் வேண்டுகிறாய் என்று ஒரு தடவையாவது அவர்களிடம் கேட்கலாமே.

இதற்காக அந்தச் சொல்லையே வெறுக்க வேண்டியதில்லை. நம்மூர்களில் ஷிஹாப்தீன்கள் எத்தனை பேர்! ஸஹீஹுல் புகாரிக்கு விரிவுரை எழுதிய இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானி அவர்களின் சிறப்புப் பெயரும் ஷிஹாபுத்தீன்தான். மார்க்கத்தின் தீச்சுடர் என்பது அதன் பொருள்.