நாணும் வினாவும் நம்பத்தக்க விடையும்

வகுப்பிலே ஆசிரியர் ஒருவர், "சென்ற சோதனையிற் பார்த்தெழுதியோர் கையை உயர்த்துக" என்றால் எத்தனை கைகள் உயரும்? ஒன்றேனும் உயராது. அதுகொண்டு எவரும் பார்த்தெழுதவில்லை என நம்பும் ஆசிரியரும் இரார். வீடு வீடாகச் சென்று வினவும் ஆய்வாளர்க்கும் இடர் இதுவே. வருமானத்தை மறைத்தீரா, போதைப்பொருள் நுகர்ந்தீரா என்று கேட்டால், உண்மைக்கு மிஞ்சியே "இல்லை" என்னும் விடை வரும். பெயரை வெளியிடோம் என்று உறுதி கூறலாம். ஆயின் அவ்வுறுதி, கேட்பவரின் நாணயத்தைப் பொறுத்தது. முன்பின் அறியாத ஒருவரை அவ்வளவுக்கு நம்புவார் யார்?

1965ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஸ்ரான்லி வோணர் இதற்கு ஒரு வழி கண்டார். எவ்வினாவுக்கு விடை கிடைத்தது என்பதைக் கேட்பவரே அறியாதவாறு செய்தலே அவ்வழி. பின்வந்தோர் அதனைத் திருத்தி எளிதாக்கினர். வட கரோலினா மாநிலப் பெண்களிடம் கருக்கலைப்புப் பற்றி வினவி 1970இல் வெளியிடப்பெற்ற ஆய்வு அதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. பெண்ணின் கையில், சிவப்பும் நீலமுமான உருண்டைகள் அடங்கிய சிறு பெட்டி கொடுக்கப்படும். குலுக்கியதும் ஓர் உருண்டை தோன்றும். சிவப்பாயின் கருக்கலைப்புப் பற்றிய கூற்றுக்கும், நீலமாயின் "யான் ஏப்பிரல் மாதத்திற் பிறந்தேன்" என்பதற்கும் விடை கூறவேண்டும். நிறத்தை அவர் மாத்திரமே காண்பார். அவர் "ஆம்" என்றாலும், அது எதற்கென எவரும் அறியார்.

அப்படியாயின் ஆய்வாளர் அறிவது யாது? ஒருவரைப் பற்றி உறுதியாக ஒன்றுமில்லை. பலரைப் பற்றி வேண்டியவளவு. பத்தில் ஏழு உருண்டைகள் சிவப்பு எனவும், 1000 பேர் விடையளித்தனர் எனவும் கொள்வோம். ஏறக்குறைய 300 பேர்க்கு நீலம் தோன்றும். ஏப்பிரலிற் பிறந்தோர் பன்னிரண்டில் ஒரு பங்கினராதலின், அவர்களுள் 25 பேர் "ஆம்" என்பர். மொத்தம் 60 "ஆம்" வந்திருப்பின், எஞ்சிய 35, சிவப்புக் கண்ட 700 பேருக்குரியது. அஃதாவது நூற்றுக்கு ஐந்து. கணிதத்தை வெறுத்த என் பழைய வகுப்புத் தோழரும் இவ்வளவு கணக்குக்கு அஞ்சார்.

நட்டமும் உண்டு. அந்த 300 விடைகள் வீணாவதால், அதே நுண்மைக்கு மிகுதியான பேரை வினவவேண்டும். அன்றியும், பெட்டியில் ஏதோ சூது உண்டென ஐயுறுவோர், சிவப்பைக் கண்டும் "இல்லை" என்றே கூறிவிடுவர். எனவே, வினாவைத் தொடங்குமுன் பெட்டியை அவர் கையிலே கொடுத்து, ஐயந்தீருமட்டும் குலுக்கிப் பார்க்க விடுதல் நன்று.