சிகரெட்டும் மெலிந்த உடலும்

பள்ளிப் படிப்பை முடித்துப் பல்கலைக்கழகத்தில் சேரும் பெண்கள் அங்கே புதிய பேச்சுகள் பலவற்றைக் கேட்க நேரிடும். "சிகரெட் பிடித்தால் உடம்பு போடாது" என்பது அவற்றுள் ஒன்று. அமெரிக்கப் பல்கலைக்கழக விடுதிகளில் இது நெடுநாளாக உலவும் பேச்சு. முதலாண்டு மாணவிக்குப் பதினைந்து பவுண்டு எடை, அதாவது ஏறக்குறைய 7 கிலோ, ஏறிவிடும் என்ற அச்சமும் அங்கே உண்டு. நிறுத்துப் பார்த்த ஆராய்ச்சிகளிலோ சராசரியாக ஏறியது ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. ஆனால் அச்சத்திற்குத் தராசு ஏது?

சிகரெட்டைப் பற்றிய அந்தப் பேச்சு முழுப்பொய் அல்ல; பாதி உண்மை. ஆகவேதான் அதைச் சற்று நிதானமாக ஆராய வேண்டியிருக்கிறது.

முதலில், அது எப்படிப் பரவியது என்று பார்ப்போம். 1928-ஆம் ஆண்டில் 'லக்கி ஸ்ட்ரைக்' சிகரெட்டை விற்றுவந்த அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி, இனிப்பைத் தவிர்த்துத் தன் சிகரெட்டை நாடும்படி பெண்களைக் கவர்ந்திழுத்து விளம்பரம் செய்தது. மிட்டாய் வியாபாரிகள் கொதித்தெழுந்தார்கள். பெண்களின் நலம் கருதி அல்ல, தங்கள் வியாபாரம் கெடுகிறதே என்று! 1929-ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று நியூயார்க் நகரின் ஐந்தாம் அவென்யூவில், திருநாள் கூட்டத்தின் நடுவே இளம்பெண்கள் சிலர் புகைத்தபடி நடந்தார்கள். பெண் விடுதலையின் அடையாளமாக அது பேசப்பட்டது. ஏற்பாடு செய்தவர் எட்வர்டு பெர்னேஸ் என்பவர். அதே கம்பெனி சம்பளம் கொடுத்து அமர்த்திய விளம்பர நிபுணர். 1968-இல் வேறொரு கம்பெனி பெண்களுக்கென்றே 'வர்ஜீனியா ஸ்லிம்ஸ்' என்ற சிகரெட்டைக் கொண்டுவந்தது. பெயரிலேயே மெலிவை வைத்துவிட்டார்கள்.

இனி அந்தப் பாதி உண்மைக்கு வருவோம். புகையிலையிலுள்ள நிக்கோட்டின் மூளையில் பசியைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதாலமஸ் பகுதியைத் தூண்டுகிறது, பசி மந்தமாகிறது. அட்ரினலின் சுரந்து இதயம் விரைந்து துடிக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடல் கூடுதலாகச் சக்தியைச் செலவிடுகிறது. 1986-இல் வெளியான ஒரு சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியில், புகைப்பவர்கள் எட்டுப் பேரைத் தனியறையில் வைத்து அளந்தார்கள். 24 சிகரெட் புகைத்த நாளில் செலவு ஏறக்குறைய 10 சதவீதம் கூடியது. அதாவது சுமார் 200 கலோரி. இது நான்கு இட்லிக்குச் சமம். ஒரு மணி நேரம் நடந்தாலும் இவ்வளவு செலவாகிவிடும்.

அப்படியானால் புகைக்கும் மாணவி மெலிந்துவிடுவாளா? 1985-86-இல் அமெரிக்காவின் நான்கு நகரங்களில் 18 முதல் 30 வயதுக்குட்பட்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். ஏழு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது எல்லோருக்கும் எடை ஏறியிருந்தது. வெள்ளையரிடையே புகைத்தவருக்கும் புகைக்காதவருக்கும் இதில் வேறுபாடு தெரியவில்லை. கறுப்பினத்தவரிடையே தெரிந்ததும் மிகச் சிறிதே. புகைப்பவர் சற்று மெலிந்து காணப்படுவது பெரும்பாலும் நடுத்தர வயதில்தான். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு ஆசை காட்டிய மெலிவு அந்த வயதில் கிட்டுவதில்லை. பழக்கமோ சில மாதங்களிலேயே பற்றிக்கொள்கிறது.

தராசு காட்டாத ஒன்றும் உண்டு. புகைப்பவரின் எடை குறைவாக இருந்தாலும், கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேரும் போக்கு அவர்களிடம் அதிகம். இவ்விதக் கொழுப்புதான் நீரிழிவுக்கு வழிகோலுவது. புகைப்பவருக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் அபாயம் 30 முதல் 40 சதவீதம் அதிகம் என்று 2014-ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் அறிக்கை கூறுகிறது.

உண்மையான சிக்கல் விடும்போதுதான் எழுகிறது. நிக்கோட்டின் நின்றதும் அடங்கியிருந்த பசி திரும்புகிறது. நாக்கிற்கு ருசியும் திரும்புகிறது. முதலாண்டில் சராசரியாக 4 முதல் 5 கிலோ ஏறுகிறது. பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே. பெண்கள் பலர் இதற்கு அஞ்சியே விடத் தயங்குகிறார்கள். ஆனால் 2013-இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகர ஆய்வில், நீரிழிவு இல்லாதவர்களில் புகையை விட்டவர்களுக்கு, எடை ஏறிய பின்பும், இதயநோய் அபாயம் புகைப்பவரைவிடப் பாதியாகவே இருந்தது.

நம் வீட்டிலும் அப்பாவோ சித்தப்பாவோ சிகரெட்டை விட்ட புதிதில் பலகார டப்பாவைத் தேடக்கூடும். கேலி செய்யாதீர்கள். அந்த மூன்று மாதமும் கைக்கெட்டும் இடத்தில் வெள்ளரிப்பிஞ்சும் கொய்யாவும் பொரியும் இருக்கட்டும்; மாலையில் நீங்களும் உடன் நடந்துவிட்டு வாருங்கள்.