அமெரிக்கா போன அன்னபூரணி

மைசூரில் வாழும் நமக்குக் கடல் வெகு தூரம். மங்களூர் போய்ச் சேரவே சுமார் 250 கிலோமீட்டர். படகு என்றால் நமக்குத் தெரிந்தது காரஞ்சி ஏரியில் பிள்ளைகளோடு சுற்றிவரும் படகும், காவிரியில் ஓடும் பரிசலும்தான். அந்தப் பரிசலை நம் கன்னட நண்பர்கள் ஹரிகோலு என்பார்கள்.

சில மாதங்களுக்கு முன் அன்பர் ஒருவர் கிருஷ்ணராஜ சாகரத் தேக்கத்தில் விடுவதற்காகச் சிறிய பாய்ப்படகு ஒன்று வாங்கினார். முதல் நாள் ஓட்டத்துக்கு என்னையும் அழைத்தார். "ஓட்டப் போவது யார்?" என்று கேட்டேன். "படகை விற்றவரிடம் வேலை பார்த்தவரையே வரச் சொல்லியிருக்கிறேன். பழகிய கை வேண்டாமா சார்?" என்றார். அந்தப் பதிலைக் கேட்டதும் அன்னபூரணியின் கதைதான் என் நினைவுக்கு வந்தது. நம் வாசகர்களில் பலர் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தின் வடகரையில் உள்ளது வல்வெட்டித்துறை. அங்குள்ள தமிழர்கள் தாங்களே கப்பல் கட்டி, நாகப்பட்டினம், மலையாளக் கரை, பர்மா என்று சரக்கு ஏற்றிப் போய் வந்தவர்கள். அங்கே வேப்ப மரத்தால் கட்டப்பட்டது அன்னபூரணி. இரண்டு பாய்மரங்கள், 89 அடி நீளம். ஹொரநாடு சென்று அன்னபூர்ணேஸ்வரியைத் தரிசித்துவரும் நமக்கு அந்தப் பெயரின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. பசி தீர்க்கும் தாயின் பெயர் சரக்குக் கப்பலுக்கு எவ்வளவு பொருத்தம்!

இந்தக் கப்பலை வாங்கியவர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர். அவர் கடல் அறியாத பணக்காரர் அல்லர். 32 அடிப் பாய்ப்படகு ஒன்றில் 1928-ல் புறப்பட்டு 1931-ல் உலகத்தையே சுற்றி முடித்தவர். அப்படிப்பட்டவர் வல்வெட்டித்துறைத் தச்சர்களின் கைவேலையை நம்பிப் பணம் கொடுத்தார். அதோடு நிற்கவில்லை, கப்பலை ஓட்டிச் செல்ல அவ்வூர் மாலுமிகளையே அமர்த்திக்கொண்டார். அவர்களின் தலைவர் தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளை. கப்பல் தலைவரைத் 'தண்டையல்' என்பது அவ்வூர் வழக்கு.

பொதுவாகப் புதிதாகப் படகு வாங்கியவர்கள் முதல் நாள் கரையோரம் சற்றே ஓட்டிப் பார்ப்பார்கள். இந்தக் கப்பலுக்கோ புது உரிமையாளரிடம் முதல் ஓட்டமே அமெரிக்கா வரை! 1937-ல் புறப்பட்டது.

நம்மவர்களுக்குத் தெரிந்த காற்று வாடையும் சோளகமும். ஆறு மாதம் ஒரு பக்கம், ஆறு மாதம் மறுபக்கம் என்று முறை வைத்து வீசுபவை. காற்றுக்குக் காத்திருந்து, அது மாறியதும் பாய் விரிப்பதே அவர்கள் பழக்கம். ஆனால் செங்கடலில் அந்தக் கணக்குச் செல்லாது. அதன் வடபாதியில் ஆண்டு முழுவதும் பெரும்பாலும் வடக்கிலிருந்தே காற்று வீசும். வடக்கே போக வேண்டிய கப்பலுக்கு அது எதிர்க்காற்று. எதிர்க்காற்றில் எந்தப் பாய்க்கப்பலும் நேராகப் போக முடியாது. வலப்புறம் கொஞ்சம், இடப்புறம் கொஞ்சம் என்று குறுக்கும் மறுக்குமாகத்தான் முன்னேற வேண்டும். நாளெல்லாம் பாயை மாற்றி மாற்றிக் கட்டினாலும் கடக்கும் தூரம் சிறிதுதான். கை சலித்துப் போகும் வேலை அது.

அதைத் தாண்டி, சூயஸ் கால்வாய் கடந்து, மத்தியதரைக் கடலுக்குள் போய், ஜிப்ரால்டர் வழியே அட்லாண்டிக்கில் இறங்கினார்கள். வங்கக் கடலில் அரிசியும் ஓடும் ஏற்றிப் பழகியவர்களுக்கு அந்தக் கடலும் புதிது, குளிரும் புதிது. பழகியது ஒன்றே ஒன்று, கப்பல்! எந்தக் கயிறு எவ்வளவு இழுபடும், எந்தக் காற்றில் எந்தப் பாயைச் சுருட்ட வேண்டும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும்.

1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள குளூஸ்டர் துறைமுகத்தில் கப்பல் நங்கூரம் இட்டது. 1623-லிருந்தே மீன்பிடித் தொழிலுக்குப் பேர்போன ஊர் அது. பாயும் கயிறும் அறிந்த அந்த ஊர்க்காரர்கள் முன்னால்தான் நம்மவர்கள் போய் இறங்கினார்கள்.

ஒரு வருத்தமும் உண்டு. குளூஸ்டரைச் சேர்ந்தபோது கப்பலின் பெயர் அன்னபூரணி அல்ல. உரிமையாளரின் மனைவி பெயரால் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' ஆகிவிட்டிருந்தது. வாங்கியவருக்குப் பெயர் மாற்ற உரிமை உண்டு, அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தக் கப்பலைக் கட்டியவர்களையும் ஓட்டியவர்களையும் நாமே மறந்துவிட்டால் அது நம் குறைதான்.

கடல் கடந்த தமிழர் என்றதும் நாம் சோழர் காலத்துக்கே போய்விடுகிறோம். அவ்வளவு தூரம் போக வேண்டாம் அன்பர்களே. நம் தாத்தாக்கள் காலத்தில், வேட்டி கட்டிய சில மாலுமிகள் வேப்பமரக் கப்பலில் அட்லாண்டிக்கைக் கடந்திருக்கிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளைகளை உட்கார வைத்து, உலகப் படத்தை விரித்து, வல்வெட்டித்துறையிலிருந்து குளூஸ்டர் வரை விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டுங்கள். தண்டையல் தம்பிப்பிள்ளையின் பெயரையும் சொல்லிவையுங்கள்.