450-க்கும் 450-க்கும் நடுவே

யமஹாவின் எக்ஸ்டிஓ 450, மெர்க்குரி ரேசிங்கின் 450ஆர் இரண்டும் படகின் பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு மோட்டார்கள். இரண்டும் எட்டு சிலிண்டர் வி8. மூடியில் ஒட்டியிருக்கும் குதிரைத்திறனும் ஒன்றே. தராசில் ஏற்றினால் மட்டும் கதை மாறுகிறது. யமஹா சுமார் 432 கிலோ, மெர்க்குரி 313 கிலோ. நான்கு மோட்டார்களை வரிசையாக மாட்டுகிற மயாமி படகுக்காரருக்கு இந்த வித்தியாசம் அரை டன்னை நெருங்கும். அந்தச் சுமையும் படகின் நடுவில் உட்காருவதில்லை, பின்கோடியில் தொங்குகிறது.

அப்படியிருந்தும் வேகப் படகுக்காரர்கள் கூடுகிற இடத்தில் பேச்சு குதிரைத்திறனைச் சுற்றியேதான் ஓடுகிறது. அந்த எண்ணே அவ்வளவு கறாரானதல்ல. புரொப்பல்லர் தண்டில் அளக்கிற திறன், ஒட்டிய எண்ணைவிட 10 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்று தொழில்துறையின் அளவை விதி இடம் கொடுக்கிறது. 300 என்று எழுதிய மோட்டார் 325 கொடுத்தாலும் ஏட்டில் அது 300தான். கம்பெனிகள் இந்தச் சலுகையை வீணாக்குவதில்லை.

இரண்டு 450-களின் குணம் எப்படிப் பிரிகிறது? யமஹா 5.6 லிட்டர். காற்றை அமுக்கித் திணிக்கும் சூப்பர்சார்ஜர் கிடையாது. முழு வேகத்தில் நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000 சுற்று. கியர் விகிதம் 1.79. பெரிய, கனத்த கடல் படகைப் பெரிய புரொப்பல்லரால் நிதானமாகத் தள்ளுவதற்கென்றே பிறந்தது. 2019-இல் வந்த மெர்க்குரி 4.6 லிட்டர்தான், ஆனால் சூப்பர்சார்ஜர் உண்டு. 5,800 முதல் 6,400 சுற்று வரை போகும். கியர் விகிதம் 1.60.

இந்த விகிதத்தை யாரும் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவதில்லை. வேகம் பிறப்பதோ அங்கேதான். 6,400-ஐ 1.60-ஆல் வகுத்தால் மெர்க்குரியின் புரொப்பல்லர் நிமிடத்துக்கு 4,000 முறை சுழல்கிறது. 32 அங்குலப் பிட்ச் கொண்ட புரொப்பல்லர் என்றால், ஒரு சுற்றுக்கு 32 அங்குலம் முன்னேற வேண்டும் என்று பொருள். கணக்குப் போட்டால் மணிக்கு 195 கிலோமீட்டர். தண்ணீர் கெட்டிப் பொருள் அல்ல, வழுக்கும். 10 சதவீதம் வழுக்கலுக்குக் கழித்தாலும் 175 மிஞ்சும். யமஹாவின் புரொப்பல்லர் சுமார் 3,350 சுற்றுதான் சுழலும். அதே பிட்ச்சில், வழுக்கலைக் கழிக்காமலே 163-இல் நின்றுவிடும். பிட்ச்சைக் கூட்டிக்கொள்ளலாமே என்றால், அதைச் சுழற்றும் அளவுக்குப் படகு லேசாக இருக்க வேண்டும். கனத்த படகுக்கு விற்கிற மோட்டாரிடம் அதைக் கேட்பது நியாயமில்லை. யமஹாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆழ்கடலில் மீன்பிடிக்க முப்பது, நாற்பது மைல் போய்த் திரும்புகிறவருக்கு நான் யமஹாவைத்தான் சொல்வேன்.

மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் எஞ்சினைவிடத் தண்ணீருக்கு அடியில் இருக்கும் கியர் கேஸ்தான் பெரிய மனிதர். பற்சக்கரங்களையும் புரொப்பல்லர் தண்டையும் பொதிந்து வைத்திருக்கும் இந்த உலோகக் குமிழ், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். வளைந்த பரப்பின்மீது தண்ணீர் வேகமாக ஓடும்போது அழுத்தம் விழுகிறது. ஓர் எல்லைக்குக் கீழே விழுந்தால், சூடே இல்லாமல் தண்ணீர் ஆவியாகிக் குமிழிடும். அந்தக் குமிழ்ப்பை வளர்ந்து நீர்மட்டத்தைத் தொட்டால், மேலிருந்து காற்று புகுந்து புரொப்பல்லரைச் சூழ்ந்துகொள்கிறது. பிடிமானம் ஒரு நொடியில் போய்விடும். படகு பக்கவாட்டில் திரும்பும், ஸ்டீயரிங் கையோடு வராது. ‘புளோ அவுட்’ என்கிறார்கள். சாதாரண கியர் கேஸ் மாட்டிய படகில் குதிரைத்திறனை மட்டும் ஏற்றிக்கொண்டே போகிறவர் இந்த இடத்தில்தான் போய் முட்டுகிறார்.

மெர்க்குரி ரேசிங்கின் ‘ஸ்போர்ட் மாஸ்டர்’ கியர் கேஸ் இதற்காகவே வந்தது. முகப்பு கூர்மையாக நீண்டிருக்கும். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரை உறிஞ்சும் துளைகள் பக்கவாட்டின் உயரத்தில் இல்லாமல் தாழ, முன்மூக்கில் இருக்கும். ஏன் தாழ என்றால், வேகப் படகில் மோட்டாரை ‘ஜாக் பிளேட்’ என்ற தூக்கியில் மாட்டி, புரொப்பல்லர் தண்டு நீர்மட்டத்தை ஒட்டி ஓடும் வரை உயர்த்திவிடுவார்கள். பாதிப் புரொப்பல்லர் காற்றில், பாதி தண்ணீரில். உலோகம் எவ்வளவு குறைவாக நனைகிறதோ அவ்வளவு குறைவு தடை. பழைய இடத்திலேயே துளைகள் இருந்தால் அவை காற்றைத்தான் உறிஞ்சும், எஞ்சின் வெந்துபோகும். அரைகுறையாக நனைந்து சுழலும் புரொப்பல்லர் படகைப் பக்கவாட்டில் இழுப்பது இன்னொரு தொல்லை. வேகம் ஏற ஏற, படகு இட வலமாக ஆடத் தொடங்கும். அதை அடக்குவது மோட்டார் அல்ல, ஓட்டுகிறவரின் கை. என்னைக் கேட்டால், வேக மோட்டாரை ஒப்பிட வந்தவர் மூடியைத் திறப்பதற்கு முன் குனிந்து இந்தக் கீழ்ப்பாகத்தைப் பார்க்க வேண்டும்.

இனி, டூ-ஸ்ட்ரோக்கா ஃபோர்-ஸ்ட்ரோக்கா என்ற பழைய சண்டை. 1909-இல் மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் விற்கத் தொடங்கிய மோட்டார் வெறும் ஒன்றரைக் குதிரைத்திறன். அதற்குப் பின் பல பத்தாண்டுகளுக்கு அவுட்போர்டு என்றாலே டூ-ஸ்ட்ரோக்தான். வால்வு இல்லை, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வெடிப்பு, எடை குறைவு. பாவம், பெட்ரோலில் கணிசமான பங்கை எரிக்காமல் அப்படியே தண்ணீரில் கக்கிவிடும். 1996-இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, 2006-க்குள் அவுட்போர்டுகள் வெளியேற்றும் ஹைட்ரோகார்பனை 75 சதவீதம் குறைக்க வேண்டும் என்றது. டூ-ஸ்ட்ரோக் உடனே சாகவில்லை. மெர்க்குரியின் ஆப்டிமேக்ஸ், எவின்ரூடின் இ-டெக் என்று எரிபொருளை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் வகைகள் வந்தன. ஆனால் பம்பு, இன்ஜெக்டர், கணினி என்று சேர்த்ததில் அதன் பழைய மெலிவு போய்விட்டது.

இதற்கு நல்ல சாட்சி அமெரிக்க பாஸ் மீன் போட்டிப் படகுகள். அங்கே பெரிய போட்டிகளில் 250 குதிரைத்திறன் உச்சவரம்பு, ஆகவே எல்லாரும் 250 மாட்டுகிறார்கள். மெர்க்குரியின் டூ-ஸ்ட்ரோக் 250 புரோ எக்ஸ்எஸ் 505 பவுண்டு, அதாவது 229 கிலோ. 2018-இல் அதன் இடத்தைப் பிடித்த 4.6 லிட்டர் ஃபோர்-ஸ்ட்ரோக் வி8-உம் அதே 505 பவுண்டு. எதிரே நிற்கும் யமஹாவின் 4.2 லிட்டர் வி6, விமேக்ஸ் எஸ்ஹெச்ஓ 250? அதுவும் 505தான். இந்த ஒற்றுமை தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. டூ-ஸ்ட்ரோக்கின் கடைசிப் பெரிய வாரிசான எவின்ரூட் ஜி2 இவற்றைவிடக் கனமாக இருந்ததுதான் வேடிக்கை. 2020 மே மாதம் அதன் உரிமையாளரான பிஆர்பி, எவின்ரூட் உற்பத்தியையே நிறுத்திக்கொண்டது.

பந்தயத்தில் மட்டும் பழைய ராஜ்யம் நீடித்தது. எஃப்1ஹெச்2ஓ என்ற படகு ஃபார்முலா ஒன்று 2018 நவம்பரில் ஆந்திராவின் அமராவதியில் கிருஷ்ணா நதிமீது நடந்தது. நம் பக்கத்தில் அதைப் பார்க்கக் கிடைத்த அபூர்வ வாய்ப்பு அது. அந்தப் படகுகளில் பெரும்பாலும் மெர்க்குரியின் 2.5 லிட்டர் வி6 டூ-ஸ்ட்ரோக். நிமிடத்துக்கு 10,000 சுற்றைத் தாண்டிச் சுழன்று சுமார் 400 குதிரைத்திறன் தரும். எடை 120 கிலோவுக்கு உட்பட்டது. எஞ்சினோடு சேர்த்துப் படகே 400 கிலோவுக்குள். நடுவில் காற்று புகுந்து தூக்கும் இரட்டை உடல் கொண்ட அந்தப் படகு மணிக்கு 220 கிலோமீட்டரைத் தாண்டும்.

இதன் அருகில் சிகரெட் என்ற படகு நிறுவனம் 2020-இல் மயாமியில் காட்டிய 59 அடி டிரானா ஏஎம்ஜி படகை நிறுத்திப் பாருங்கள். ஆறு 450ஆர், மொத்தம் 2,700 குதிரைத்திறன். வேகம் மணிக்கு 80 மைல், சுமார் 129 கிலோமீட்டர். ஏழு மடங்கு திறன், பாதியைச் சற்றே தாண்டிய வேகம். டிரானாவில் படுக்கையறையும் குளியலறையும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பந்தயப் படகில் ஓட்டுகிறவர் உட்காரவே இடம் நெருக்கடி.

மூடி எண்ணை உயர்த்தும் போட்டி இன்னும் ஓயவில்லை. காடிலாக் காரின் சூப்பர்சார்ஜர் வி8-ஐக் கிடையாகவே வைத்து 2011-இல் 557 குதிரைத்திறனுடன் வந்தது செவன் மரீன். பின்னர் வால்வோ பென்டா கைக்குப் போய், 2021-இல் முடிந்துபோனது. அதே ஆண்டு மெர்க்குரி வெராடோ 600 வந்தது. 7.6 லிட்டர், 12 சிலிண்டர், 572 கிலோ. எஞ்சின் அசையாமல் நிற்க, கியர் கேஸ் மட்டும் திரும்பும். இரண்டு வேகத் தானியங்கி கியர், எதிரெதிராகச் சுழலும் இரட்டைப் புரொப்பல்லர். பொறியியலாக மலைக்க வைக்கிறது. ஆனால் ஒரு குதிரைத்திறனுக்கு 0.95 கிலோ விழுகிறது. 450ஆரில் அது 0.70. வேகம்தான் நோக்கம் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. வெராடோ 600 பெரிய உல்லாசப் படகுகளுக்கான இழுவை மாடு.

மெர்க்குரி பந்தயத்துக்கும் ஒரு ஃபோர்-ஸ்ட்ரோக்கைக் கொண்டுவந்தது: 360 ஏபிஎக்ஸ். 4.6 லிட்டர் வி8, உச்சம் 7,000 சுற்று, 360 குதிரைத்திறன். டூ-ஸ்ட்ரோக்கைவிட 3,000 சுற்றுக்கு மேல் குறைவு, திறனும் குறைவு, எடையோ கூடுதல். அதே வேகம் வேண்டும் என்றால் கியர் விகிதம், பிட்ச், படகின் உடல் எல்லாவற்றையும் அடியிலிருந்து மறுபடி கணக்கிட்டாக வேண்டும். படகு கட்டுகிறவர்களுக்குப் பல ஆண்டு வேலை இருக்கிறது.