இராப் பயணமும் மறுநாள் பெரட்டும்



தைப்பூசம், தீபாவளி, உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம், கருமாதி எதுவானாலும் நம் மம்பாவ் வட்டாரத் தோட்டங்களில் பேச்சு ஒன்றுதான். "ராத்திரி பஸ்ஸில ஏறினா விடியறதுக்குள்ள போயிடலாம். தூக்கமும் ஆச்சு, பயணமும் ஆச்சு." திரும்பும்போதும் இதே கணக்கு. ஞாயிறு இரவு பட்டர்வொர்த்தில் ஏறுவது, திங்கள் விடியற்காலை சிரம்பானில் இறங்குவது, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டம் வந்து முகத்தைக் கழுவிவிட்டு நேரே பெரட்டில் போய் நிற்பது. ஒரு நாள் சம்பளம் மிச்சம் என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம்.

மிச்சம்தானா? இந்தக் கணக்கில் ஒரு செலவை எழுத மறந்துவிட்டோம். அதுதான் தூக்கம்.

வளர்ந்த ஒருவருக்கு இரவில் 7 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்தபடி கண் மூடினால் அது தூக்கம் ஆகிவிடுமா? ஆழ்ந்து உறங்கும்போதும் கனவு காணும்போதும் உடம்பின் தசைகள் தளர்ந்துபோகும். படுத்திருந்தால் பாயோ கட்டிலோ உடம்பைத் தாங்கிக்கொள்ளும். உட்கார்ந்திருந்தாலோ தலை சாயும், கழுத்து இழுக்கும், உடனே விழிப்பு வரும். இப்படி இரவு முழுக்கச் சாய்வதும் விழிப்பதுமாகப் போகிறது. விடிந்ததும் "நல்லாத்தான் தூங்கினேன்" என்று சொல்லுவோம். உடம்பு அப்படிச் சொல்லாது.

1997இல் ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். 24 மணி நேரம் தூங்காமல் இருந்தவரின் கை, கண், கவனம் எல்லாம், இரத்தத்தில் 0.10 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்கு மந்தமாகிவிட்டதாம். நம் நாட்டில் வண்டி ஓட்டுகிறவருக்கு 2020 முதல் சட்டம் வைத்திருக்கும் எல்லை 0.05 சதவீதம். சட்டம் பிடிக்கும் அளவைப் போல இரண்டு மடங்கு! அந்த நிலையில் பால் வெட்டும் கத்தியைக் கையில் எடுக்கலாமா? இருபது கிலோவுக்கும் மேலான செம்பனைக் குலை தலைக்கு மேலே தொங்கும்போது அதன் கீழே நிற்கலாமா? நீங்களே சொல்லுங்கள்.

சரி, பஸ் வேண்டாம், ரயிலில் போனால் தூங்கலாமா என்று கேட்பீர்கள்.

மம்பாவுக்கு ரயில் புதிதல்ல. 1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே போட்ட பாதை நம் ஊர் வழியாகத்தான் போனது. இப்போது அதில் வண்டி ஓடுவதில்லை. பிற்காலத்தில் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சிரம்பான் வழியாக இரவு மெயில் ஓடியது. அதில் படுக்கைப் பெட்டியும் உண்டு. கால் நீட்டிப் படுக்க முடிந்ததால் தூக்கத்துக்கு அதுவே சிறந்தது. அந்தக் காலமும் போய்விட்டது. இப்போது சிரம்பானில் நாம் ஏறும் ETS எனப்படும் மின்சார ரயிலில் நாற்காலி மட்டுமே. ஆகவே, "ரயிலில் போனால் படுத்துக்கொண்டே போகலாம்" என்ற பழைய நினைப்பை விட்டுவிடுங்கள்.

ஆனாலும் ரயிலுக்கு ஒரு பெரிய லாபம் உண்டு. சிரம்பானிலிருந்து பட்டர்வொர்த் 400 கிலோமீட்டருக்கும் மேல். மின்சார ரயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை ஓடும்; ஐந்தாறு மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். நடுவில் எழுந்து நடக்கலாம், கழிவறைக்குப் போகலாம், சடக்கில் நெரிசல் என்ற தொல்லையும் இல்லை. பகல் வண்டியில் போனால் இரவுக்குள் உறவுக்காரர் வீட்டை அடைந்து பாயில் கால் நீட்டிப் படுக்கலாம். எதில் தூங்குவது என்ற கேள்விக்கு இதுதான் சரியான விடை: பஸ்ஸிலும் வேண்டாம், ரயிலிலும் வேண்டாம். வண்டியைப் பகலுக்கும் தூக்கத்தைப் பாய்க்கும் ஒதுக்குங்கள். விழாக் காலத்தில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள்.

இராப் பஸ்தான் வழி என்றால்

சில சமயம் வேறு வழி இருக்காது. சாவு வீட்டுச் செய்திக்கு நேரம் காலம் ஏது? அப்போது இவற்றைக் கவனியுங்கள்.

இடைவார் போடாமல் உட்காராதீர்கள். 2016 டிசம்பர் 24 அதிகாலையில் மூவார் அருகே பஸ் பள்ளத்தில் பாய்ந்து 14 பேர் மாண்டார்கள். 2025 ஜூன் 9 அதிகாலையில் கெரிக் அருகே பஸ் கவிழ்ந்து பல்கலைக்கழக மாணவர் 15 பேரை இழந்தோம். இரண்டும் ஊர் உறங்கும் நேரத்தில் நடந்தவை. 2025 ஜூலை 1 முதல் விரைவு பஸ்களில் இடைவார் அணிவது கட்டாயம். வாரை வயிற்றின் மேல் போடாமல் இடுப்பெலும்பின் மேல் தாழ்வாகப் போடுங்கள். கர்ப்பிணிகளும் அப்படித்தான். குழந்தையை மடியில் வைத்து இருவருக்கும் சேர்த்து ஒரே வார் போடுவது ஆபத்து.

மாற்று டிரைவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமென்ன? பின்னிரவு 2 மணி முதல் 6 மணி வரை மனித உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இழுக்கும். டிரைவரும் நம்மைப் போல உழைப்பாளிதான். அவர் கண்ணும் சொருகும்.

நடு இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். பின் சக்கரத்துக்கு மேலே குலுக்கல் அதிகம். கழுத்துக்குச் சிறு துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். குளிர்சாதனம் எலும்பு வரை குத்தும். போர்வையும் காலுறையும் எடுத்துப் போங்கள்.

கழிவறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதை நம் தாய்மார்கள் விட வேண்டும். 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் அறிவித்தது. எல்லாருக்கும் வருவதில்லை, ஆனால் பருமனானவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் கவனமாக இருக்க வேண்டும். உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள். பஸ் நிற்கும் இடத்தில் இறங்கி நடங்கள். பயணத்துக்குப் பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனிப்புநீர், இரத்த அழுத்த மருந்துகளைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். பெட்டியோடு பஸ்ஸுக்கு அடியில் போட்டுவிடாதீர்கள். வாந்திக்குப் போடும் மாத்திரை சிலருக்கு மறுநாள் காலை வரை மயக்கத்தைத் தரும். அதைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது.

தமிழ்நாட்டுக்குப் போகிறவர்களுக்கு

கோயில் யாத்திரை போகும் தோழர்களுக்கு அங்கே படுக்கை ரயில் உண்டு. சென்னைக்கும் மதுரைக்கும் இடையே ஓடும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் போன்ற இரவு வண்டிகளில் கால் நீட்டிப் படுக்கலாம். அங்கே பஸ்ஸைவிட ரயிலே மேல். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கும் கீழ்ப் படுக்கையில் முன்னுரிமை உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள்.

வந்து சேர்ந்த பிறகு

இராப் பயணம் முடிந்த காலை பெரட்டுக்குப் போகாதீர்கள். சிரம்பானில் இறங்கியதும் தூக்கக் கலக்கத்தில் மோட்டார் சைக்கிளையும் எடுக்காதீர்கள். வீட்டிலிருந்து யாரையாவது வரச் சொல்லுங்கள். லீவு எழுதும்போதே ஒரு நாள் சேர்த்து எழுதுங்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை 12 நாள், அதற்கு மேல் 16 நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. அது யாரும் போடும் பிச்சையில்லை, உங்கள் உரிமை. ஊருக்குப் போக 2 நாள் எடுக்கிறவர், வந்து தூங்க இன்னொரு நாள் எடுப்பதில் தவறே இல்லை.

ஒரு நாள் சம்பளத்தை அடுத்த வாரம் சம்பாதித்துவிடலாம். கத்தி பட்டுப் போன விரலை எந்தச் சம்பளத்தில் வாங்குவது? போய் வாருங்கள், உறவுகளைப் பார்த்து வாருங்கள். வந்ததும் முதல் வேலையாகப் பாயை விரித்துப் படுங்கள். நிரையில் நிற்கும் மரம் ஒரு நாள் காத்திருக்கும்.