புலத்திநகரும் வேளைக்காரர் சாசனமும்

ஈழத்தின் இடைக்கால வரலாற்றை ஏட்டிற் கற்பதனினும் பொலநறுவை மண்ணில் நடந்து கற்றல் எளிது. அரண்மனையும் ஆலயமும் விகாரையும் ஒரு காலைப்பொழுதில் நடந்து காணுமளவிற்கு அணித்தாய் அமைந்துள்ளன. மனைவி மக்களோடு அங்ஙனம் நடந்தபோது இளைய மகன் கேட்ட வினாவொன்றே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

பராக்கிரமபாகுவின் (1153–1186) அரண்மனையிலே தடித்த செங்கற் சுவர்களைக் கண்டபின், புனித தந்ததாது முற்றத்தைக் கடந்து, இரண்டாம் சிவதேவாலயம் என வழங்கும் கோயிலுக்கு முதலிற் சென்றோம். காலமுறை பிறழலாகாது என்பது எமது கொள்கை. அதனால் வெயில் ஏறியபின் வந்த வழியே திரும்பி நடக்க நேர்ந்தமையும், இல்லாளின் கண்டனத்திற்கு ஆளானமையும் வேறு கதை.

1017ஆம் ஆண்டிலே இராசேந்திரசோழன் படை ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்தது. அதன்பின் 1070 வரை சோழராட்சி இந்நகரிலிருந்தே நடைபெற்றது. நகருக்குச் சனநாதமங்கலம் எனவும், கோயிலுக்கு இராசேந்திரன் தாயின் பெயரால் வானவன்மாதேவி ஈசுவரம் எனவும் பெயரிட்டனர். அடி முதல் முடி வரை கல்லால் இயன்றதாதலின், செங்கற் கட்டடங்கள் பல சிதைந்த இடத்தில் இச்சிறு தளி முழுமையாக நிற்கின்றது. அதிராசேந்திரன் காலத்துத் தமிழ்ச் சாசனமும் இதிலுண்டு. இவற்றை யாம் பெருமிதத்தோடு விளக்கிக்கொண்டிருக்கையில், “அப்ப இந்த நகரம் ஆருடையது, அப்பா?” என்றான் மகன்.

விடை கூறாது தந்ததாது முற்றத்திற்கு அழைத்துச் சென்றோம். அங்கே, சோழரை வெளியேற்றிய முதலாம் விசயபாகு தாதுவுக்கென எடுப்பித்த அட்டதாகே மாளிகையின் கற்றூண்கள் நிற்கின்றன. அதன் அருகே நெடிய கல்லொன்றில் வேளைக்காரர் சாசனம் தமிழிலே பொறிக்கப்பட்டுள்ளது. பழைய வரிவடிவமெனினும், மூத்த மகள் சில எழுத்துக்களை இனங்கண்டு மகிழ்ந்தாள்.

வேளைக்காரர் யாவர்? வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் முதலாய பிரிவினரைக் கொண்ட கூலிப்படையினர். விசயபாகு சோழர்மேற் படையெடுக்க ஏவியபோது மறுத்துக் கிளர்ந்து, சேனாபதியர் இருவரைக் கொன்று அரண்மனையையும் எரித்தனர் எனச் சூளவமிசம் கூறும். அரசன் அவர்களைக் கொடிதாக ஒறுத்தான். எனினும், அவன் இறந்தபின் முகலன் தேரர் தாதுக் கோயிலின் காவலை ஏற்குமாறு அழைத்தது அதே வேளைக்காரரையே. கோயிலின் ஊர்களையும் உடைமைகளையும், அங்கே புகலடைந்தோரையும், தம் உயிர் கொடுத்தேனும் காப்போம் என அவர்கள் உறுதி செய்தனர். கோயிலுக்குத் தம் பெயரையே சூட்டினர். சோழர்க்கெதிராக வாளெடுக்க மறுத்தோர் புத்தர் தாதுவுக்குக் காவலராயினர். இன உணர்ச்சி ஒன்றாலோ கூலி ஒன்றாலோ இதனை விளக்கிவிட முயல்வோர் சாசனத்தை ஊன்றிப் படித்தவரல்லர் என்பது எம் கருத்து.

நகரின் பெயரும் நோக்கற்பாலது. சாசனம் புலனரியாகிய விசயராசபுரம் என்கின்றது. சோழரிட்ட பெயரும் விசயபாகு சூட்டிய பெயரும் வழக்கொழிந்தன. மக்கள் நாவிலிருந்த பழம்பெயரே இன்றும் பொலநறுவையாய் வழங்குகின்றது.

“சொன்னபடி காத்தவையோ?” என மீண்டும் வினவினான் மகன். 1215இல் வந்த கலிங்க மாகனின் படை நகரைச் சூறையாடியதையும், பிக்குமார் தாதுவைக் கொத்மலைக்குக் கொண்டுசென்று மறைத்ததையும் கூறினோம். மாகன் படையிலும் மலையாள வீரர் இருந்தனர். அது கேட்டுச் சிறுவன் அக்கல்லை மறுபடியும் ஒருமுறை சுற்றிவந்து பார்த்தான்.